தேர்வும் நேர்மையும் – 9: பிட்டுக்கு இடம் கொடுக்கும் வினாத்தாள்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் பேருந்து ஏறித் தெற்கே போனால் சற்று நேரத்தில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1970 டிசம்பர் 30 மாலை, அதன் துணைவேந்தர் கோபால் சென் வளாகத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் அவர் ஓய்வு பெறவிருந்தார். நக்சல் இயக்கத்தினர் தேர்வைப் புறக்கணிக்கச் சொன்னபோது, எழுத விரும்பிய மாணவர்களுக்குத் துணிந்து தேர்வு நடத்தியவர் அவர். அதே ஆண்டுகளில் கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வுக்கூடங்களில் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தே எழுதினார்கள். கண்காணிக்க வேண்டிய ஆசிரியர்கள் உயிருக்கு அஞ்சிப் பேசாமல் இருந்தார்கள். ‘கண டோக்காட்டுக்கி’ (கூட்டாகக் காப்பியடித்தல்) என்று வங்காளிகள் இன்றும் சொல்வது அதைத்தான். வேலை தேடி வந்து ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பட்டம்தான் சொத்து. அந்தப் பட்டத்தையே சந்தேகிக்க வைத்த காலம் அது.

காவல் தளர்ந்ததால் வந்த கேடு, காவலை இறுக்கினால் தீரும் என்பதுதான் அன்று முதல் பல்கலைக்கழகங்கள் நம்பிவரும் வழி. பறக்கும் படை, சோதனை, கேமரா எல்லாம் அதன் பிள்ளைகள். இதில் பாதி உண்மை இருக்கிறது. கத்திக்கு முன்னால் எந்தத் தேர்வும் நிற்காது. ஆனால் புத்தகத்தை விரித்ததும் விடை கிடைத்ததே, அது யார் குற்றம்? காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளில் தேர்வுக்கு முன் ‘சஜெஷன்’ என்ற பெயரில் விற்கும் மெல்லிய புத்தகங்களைப் பாருங்கள். எந்தக் கேள்வி வரும் என்று அச்சடித்தே விற்க முடிகிறதென்றால், கேள்விகள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன என்று பொருள். சஜெஷனை மனப்பாடம் செய்தவன் தேர்ச்சி பெறுகிறான், அதையே மடித்துச் சட்டைக்குள் வைத்தவன் பிடிபடுகிறான். பாடம் இருவருக்குமே தெரியாது. 2020இல் கொரோனாவால் தேர்வு வீட்டுக்கே போனபோது, குறை கேள்வியில்தான் என்பது வெளிச்சமானது. 2022இல் நேரடித் தேர்வு திரும்பியதும், ஆன்லைன் தேர்வே வேண்டும் என்று கொல்கத்தா மாணவர்கள் போராடினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது சுலபம். பழைய கேள்வியையே வீட்டுக்கும் அனுப்பியவர்களை யாரும் கேட்கவில்லை.

யோசித்து எழுதும் கேள்வி வைத்தால் ஏழைப் பிள்ளை தோற்றுப்போவான், அவனுக்கு மனப்பாடம்தான் ஏணி என்று சொல்லும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நோட்ஸும் டியூஷனும் காசுக்குத்தான் கிடைக்கின்றன. அந்த ஏணிக்கும் வாடகை உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் யோசித்து எழுதிய விடைத்தாள்களைத் திருத்த ஆள் ஏது என்பது இதைவிடக் கனமான கேள்வி. எல்லாத் தாளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், செமஸ்டருக்கு ஒரு தாள் போதும். ‘விலை உயர்வுக்கான காரணங்களை விளக்குக’ என்பதற்குப் பதிலாக, லேக் மார்க்கெட்டில் பொங்கலுக்கு முந்தைய நான்கு வாரங்களின் வாழையிலை விலையை அச்சிட்டு, ஏன் இப்படி ஏறியது, வியாபாரி எப்போது கொள்முதல் செய்திருக்க வேண்டும் என்று பொருளாதார மாணவரைக் கேட்கலாம். பக்கத்தில் பாடப்புத்தகம் இருந்துவிட்டுப் போகட்டும். விடை வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கம் வந்தால் போதும். மனப்பாடம் செய்த பத்துப் பக்கத்தைவிட அதைத் திருத்தக் குறைந்த நேரமே ஆகும்.