“ஒரிஜினல் மாதிரியே தான் தம்பி!”

புராஜெக்ட் ரிவ்யூ அன்று எக்ஸ்டர்னல் சார் எதிரில் என் லேப்டாப் ‘டப்’பென்று அணைந்து போனது. சார்ஜ் 38 சதவீதம் இருப்பதாகத் திரை காட்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரி வாங்கி நாலே மாதம்தான். “ஒரிஜினல் மாதிரியே தான் தம்பி, விலை பாதி” என்று கடைக்காரர் கொடுத்தது. நானும் சந்தோஷமாகத்தான் வாங்கினேன். கம்பெனி பேட்டரி வாங்க என்னிடம் காசு ஏது?

மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் லேபில் எங்கள் சார் அதைப் பிரித்தார். (நீங்கள் பிரிக்காதீங்க. ஸ்க்ரூடிரைவர் நுனி ஒரு செல்லில் இறங்கினால் தீதான்.) உள்ளே ஆறு லித்தியம் அயான் செல்கள். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 18650 என்ற பெயரே அப்படி வந்ததுதான். இரண்டிரண்டாகப் பேரலல், அந்த மூன்று ஜோடியும் சீரிஸ். செல்லுக்கு 3.6 வோல்ட் என்றால் மொத்தம் 10.8. சில லேபிளில் 11.1 என்றிருக்கும், செல்லை 3.7 என்று கணக்கிட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் 14.4 என்றிருந்தால் அது நாலு செல் சீரிஸ். உங்கள் மாடலுக்கு அது ஆகும் என்று கம்பெனியே சொல்லாதவரை, கனெக்டர் பொருந்தினாலும் தொடாதீர்கள்.

என் பேட்டரியில் நாலு செல் நீலம், இரண்டு பச்சை! மீட்டர் வைத்தால் நீல ஜோடிகள் 3.7 வோல்ட், பச்சை ஜோடி 3.0. எங்கோ உழைத்துக் களைத்த பழைய செல்களைச் சேர்த்து வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் என்ன ஆபத்து? மூன்று குடத்துக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் சின்னக் குடம்தானே முதலில் வழியும்? சீரிஸில் மூன்று ஜோடிக்கும் ஒரே கரண்ட். கெப்பாசிட்டி குறைந்த ஜோடி முதலில் நிரம்பும், முதலில் காலியாகும். காலியானதும் லேப்டாப் அணைந்தது, அது பரவாயில்லை. நிரம்பும் கதைதான் பயங்கரம். ஒரு செல்லின் உச்சவரம்பு 4.2 வோல்ட், மூன்றுக்கும் 12.6. நல்ல ஜோடிகள் 4.1, 4.1 என்றும் பச்சை ஜோடி 4.4 என்றும் நின்றால் கூட்டிப் பாருங்கள். அதே 12.6! மொத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். 4.4-இல் நிற்கும் செல்லுக்குள்ளோ லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும், வாயு உண்டாகும், சூடேறும். ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே கண்காணித்து, மீறினால் துண்டிப்பது பேக்கினுள் இருக்கும் சின்ன போர்டின் வேலை. செல்லிலேயே சிக்கனம் பிடித்தவன் போர்டில் தாராளம் காட்டுவானா?

அந்த போர்டில் ஒரு சிப்பும் உண்டு. “இவ்வளவு சார்ஜ் இருக்கு, இவ்வளவு சூடு” என்று லேப்டாப்பிடம் பேசிக்கொண்டே இருப்பது அதுதான். லேப்டாப் நம்புவதும் அதைத்தான். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். நாலு மாதமாக ஒரு மில்லி வாட்-அவர்கூடக் குறையாமல் புதுசு போலவே காட்டுகிறது! பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த சிப். சில லேப்டாப்கள் பேட்டரியிடம் அடையாளமே கேட்கும். 2012-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230, டி430 மாடல்கள் அறிமுகமில்லாத பேட்டரியை சார்ஜ் செய்ய மறுத்துவிடும். இதில் பாதி பாதுகாப்பு, பாதி வியாபாரம் என்பது என் கட்சி.

வாங்கும் முன் ஒரு கணக்குப் போடலாம். 18650 செல்லில் வழக்கமாகக் கிடைக்கும் பெரியதே சுமார் 3500 மில்லி ஆம்பியர்-அவர்தான். ஆறு செல் பேக்கில் இரண்டு பேரலல், ஆக 7000. லேபிளில் 8800 என்றிருந்தால்? கடையை விட்டு இறங்கிவிடுங்கள். எடையும் போடுங்க. செல் ஒன்று சுமார் 45 கிராம், ஆறுக்கு 270, மேலே கூடு. மளிகைக்கடைத் தராசே போதும். நம் நாட்டில் ஐ.எஸ். 16046 தரத்தின்கீழ் பதிவு கட்டாயம். லேபிளில் ‘ஆர்’ என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.

“ஒரிஜினல் மட்டும் வெடிக்கலையா?” என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. 2006-இல் சோனி செல்கள் தீப்பிடித்ததால் டெல் மட்டும் சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. செல்லுக்குள் உலோகத் துகள் கலந்துவிட்டதாம். ஆனால் எண்ணைச் சொல்லித் திரும்பக் கூப்பிட அங்கே ஒருவர் இருந்தார். என் பேட்டரியில் செய்தவன் பெயரே கிடையாது. பெயர் போட்டு, கேரண்டி கொடுத்து, ஒழுங்காகச் செய்கிற வெளிக் கம்பெனிகளும் உண்டு; மாடல் பழசானால் அவைதான் கதி. அடுத்தது அப்படித்தான் வாங்கினேன், மூன்று மாதம் சேர்த்து வைத்து.

அந்தப் பச்சை செல்களோடு நாலு மாதம், லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுத் தூங்கியிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் முதலாமாண்டுத் தம்பி. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான். ஆறு செல்லும் இப்போது முனைகளில் டேப் ஒட்டி, லேப் மூலையில் உலர்ந்த மணல் வாளியில் கிடக்கின்றன. இ-வேஸ்ட் வண்டி இன்னும் வரவில்லை.