ஸ்கூபா டைவிங் போனீங்களா? டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்க

லீவுக்கு அந்தமான் போய் ஸ்கூபா டைவிங் செய்யத் திட்டமா? கரைக்கு வந்த பிறகும் வரக்கூடிய 'அழுத்தக் குறைவு நோய்' பற்றித் தெரிஞ்சுக்கோங்க.

ஏன் வருகிறது?
10 மீட்டர் ஆழத்தில் உடல்மீது அழுத்தம் இரு மடங்காகிறது. அப்போது சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழிகளாக மாறும். மெதுவாக வந்தவர்களுக்கும் சில சமயம் வரலாம்.

எப்படித் தெரியும்?
மூட்டு வலி, அதிகக் களைப்பு, தோல் அரிப்பு, மரத்துப்போதல், தலைசுற்றல், மூச்சுத்திணறல், சிறுநீர் கழிக்க முடியாமை. பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தெரியும். 'டேங்க் தூக்கின வலி'ன்னு விட்டுடாதீங்க.

இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எப்போது மேலே வந்தீர்கள் என்ற விவரங்களையும் அறிகுறிகளையும் வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ஒவ்வொரு டைவ் முடிந்ததும் இவற்றை செல்போனில் குறித்து வையுங்கள்.

என்ன சிகிச்சை?
● உடனே படுக்கவைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் 108-ஐ அழையுங்கள்.
● வலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போகணும். உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில், வழக்கமாக 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தம் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். இதற்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும்.
● சரியாகும் என்று நினைத்து மறுபடி கடலில் இறங்காதீங்க.

ரிட்டன் டிக்கெட் போடும்போது
ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கினால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறுங்கள். அறிகுறி இருந்தால் டாக்டர் சொல்லும்வரை விமானப் பயணம் வேண்டாம்.