பூட்டை மாற்றினால் வீடு திரும்புமா?

“பேசாம பூட்டை மாத்திடுங்க மச்சான். கரண்டையும் வெட்டிடுங்க. ஒரே வாரத்துல தானா கிளம்பிடுவான்.”

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஈப்போ திரும்பியிருந்தபோது மாமா அப்பாவிடம் இப்படிச் சொன்னார். புந்தோங்கில் அப்பா வாங்கிய சிறிய வீட்டின் மாத வாடகை 600 ரிங்கிட். ஐந்து மாதமாக ஒரு காசும் வரவில்லை. வங்கிக் கடனுக்கோ தவணை தவறாமல் கட்ட வேண்டும். என் படிப்புச் செலவும் அந்த வாடகையை நம்பித்தான் இருந்தது.

மாமாவின் யோசனை எனக்கும் நியாயமாகவே பட்டது. பாட்டி மட்டும், “தோட்டத்துல நம்மளையும் இப்படித்தான் கிளப்பினாங்க” என்றார். அந்த ஒரு சொல் என்னைச் சட்டத்தைத் தேடிப் படிக்க வைத்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் வெளியேறவில்லை என்றால், உரிமையாளர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும். பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் பாக்கி வைத்தவர் வழக்குத் தொடுப்பவராகவும், பணம் வர வேண்டியவர் பதில் சொல்பவராகவும் மாறிவிடக்கூடும்.

அப்படியானால் உரிமையாளருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. முதலில் பாக்கித் தொகையையும் கெடு தேதியையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். பாக்கி 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். ஆனால் இதில் பணம்தான் கிடைக்கும். வீட்டை மீட்கத் தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும்.

1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டம் இன்னொரு வழி. இதன்படி பன்னிரண்டு மாதத்திற்கு மேற்படாத வாடகைப் பாக்கிக்காக, குடியிருப்பவரின் பொருள்களைக் கைப்பற்ற நீதிமன்ற ஆணை கேட்கலாம். கைப்பற்றுபவர் நீதிமன்றப் பெய்லிப், உரிமையாளர் அல்லர். உடுக்கத் தேவையான துணியையும் படுக்கையையும் அவரும் தொட முடியாது. காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது.

இத்தனைக்கும் அடிப்படை ஒப்பந்தப் பத்திரம். அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். இல்லையேல் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்காது. தாமதமானால் அபராதத்தோடு கட்டலாம். அப்பாவிடமோ பத்திரமே இல்லை. “தெரிஞ்ச பையன்தானே” என்று வாய்ப்பேச்சிலேயே முடித்திருந்தார்.

பாட்டியின் கதைக்கு வருகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். லயத்து வீடு வேலையோடு வந்தது. 1990களில் தோட்டம் கைமாறியபோது வேலை போனது. வேலையோடு வீடும் போனது. வேலைக்காகக் கொடுக்கப்பட்ட வீட்டில் இருப்பவரை வாடகைக்காரராகச் சட்டம் பொதுவாகக் கருதுவதில்லை. 7(2)ஆம் பிரிவோ வாடகைக்கு விட்ட வீட்டைப் பற்றியே பேசுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பாட்டிக்குக் கிடைக்காத பாதுகாப்பு, ஐந்து மாதம் வாடகை கட்டாதவருக்கு இருந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். பாட்டிக்குக் கிடைக்காததற்காக இன்னொருவரிடமிருந்து அதைப் பறிப்பது நியாயமாகுமா?

அப்பா பூட்டை மாற்றவில்லை. நான் எழுதிக் கொடுத்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேரில் போனார். வேலை போய்விட்டது என்று அந்த அண்ணன் அப்போதுதான் வாய் திறந்தார். ஒரு மாதத்தில் காலி செய்வதாகவும், பாக்கியைத் தவணையில் கட்டுவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டார். சொன்னபடி சாவியைக் கொடுத்தார். கடைசி மாதத்தையும் சேர்த்து 3,600 ரிங்கிட் பாக்கி. முன்பணம் 1,200 கழிந்தது. இதுவரை 1,500 கட்டியிருக்கிறார். மீதி 900. வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை வீடு வாங்குவோம். இன்று பலர் வாடகை அறையில் இருக்கிறோம். எந்தப் பக்கம் இருந்தாலும் பத்திரம் எழுதுங்கள், முத்திரை வரி கட்டுங்கள், ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். புந்தோங் வீட்டில் இப்போது புதிய குடும்பம் இருக்கிறது. இம்முறை பத்திரம் எழுதியாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மாமா.