நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசங்களில் தொழில்வாய்ப்புப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமரின் விஜயத்தின்போது, சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கான வேலைகள் சம்பிரதாயபூர்வமாக ஆரம்பித்துவைக்கப்பட்டன. திருகோணமலையை எரிசக்தி மையமாக அபிவிருத்தி செய்வதற்கான முத்தரப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கையும் அதே காலத்தில் கைச்சாத்திடப்பட்டது. அதற்கு முன்னர், 2022 ஜனவரியில், சீனக்குடாவின் 61 எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாக அபிவிருத்தி செய்ய இணக்கம் காணப்பட்டது. இவற்றில் எவை நிறைவேறும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று எதிர்வுகூறுவது எமது நோக்கமன்று. எவ்வேலை வந்தாலும் அதன் வாசலில் ஒரு நேர்முகப் பரீட்சை இருக்கும். அந்த வாசல்வரை சென்று திரும்பும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், வெருகல் பகுதி இளைஞர் யுவதிகளைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

அவர்களுட் பலர் திறமைக் குறைவினால் திரும்புவதில்லை. தாம் செல்வது எத்தகைய நேர்முகப் பரீட்சை, அங்கு எதற்குப் புள்ளி வழங்கப்படுகிறது என்பதை அறியாமற் செல்வதே பெருங்குறையாக உள்ளது. "நல்ல அபிப்பிராயம்" என்றவுடன் புன்னகையும் புதுச் சப்பாத்தும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாதவையல்ல. ஆயினும் மேசைக்கு அப்பால் இருப்பவர்களின் அபிப்பிராயம் விண்ணப்பதாரியின் கோவையைப் புரட்டும்போதே உருவாகத் தொடங்கிவிடுகிறது.

அரச துறையில் இரண்டு வகையான நேர்முகப் பரீட்சைகள் உள்ளன. பொது நேர்முகப் பரீட்சை என்பது ஒன்று. அதில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. விண்ணப்பத்திற் குறிப்பிட்ட தகைமைகள் உண்மையில் இருக்கின்றனவா என்று மூலப்பிரதிகளைப் பார்த்துச் சரிபிழை காண்பதே அதன் நோக்கம். மற்றையது கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை. இதில் மேலதிகக் கல்வித் தகைமை, தொழிற்றகைமை, அனுபவம், மொழியறிவு, கணினி அறிவு, நேர்முகப் பரீட்சையில் வெளிப்படுத்தும் திறன் போன்ற தலைப்புகளின் கீழ், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட திட்டப்படி புள்ளிகள் பகிரப்படும். ஆசிரிய நியமனங்களுக்கோ இவற்றோடு பாடம் நடத்திக் காட்டும் பிரயோகப் பரீட்சையும் சேர்கிறது. பொது நேர்முகப் பரீட்சைக்கு மூன்று வாரம் பொது அறிவு படித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டு வருபவரும், கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சைக்கு டிப்ளோமாச் சான்றிதழை "இது கேட்கமாட்டார்கள்" என்று விட்டுவிட்டு வருபவரும் ஒரே தவறையே செய்கிறார்கள். அழைப்புக் கடிதத்தையும் வர்த்தமானி அறிவித்தலையும் பத்திரிகை விளம்பரத்தையும் வரிக்குவரி வாசித்தால் எந்த வகை என்பது தெரியவரும். புள்ளித்திட்டம் அங்கேயே தரப்பட்டிருப்பதும் உண்டு.

கட்டமைக்கப்பட்ட முறையை வெறும் கடதாசிச் சடங்கு என்று எண்ண வேண்டியதில்லை. 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் அமெரிக்க உளவியலாளர்களான சிமிட், ஹண்டர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும், 2022இல் வேறோர் ஆய்வுக் குழு செய்த மறுகணிப்பும், எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே அளவுகோலால் அளக்கும் நேர்முகம், மனம்போன போக்கில் உரையாடுவதைவிட ஒருவரது வேலைத்திறனை நன்கு முன்னறிகிறது என்றே காட்டின. செல்வாக்கற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இம்முறையே கூடுதற் பாதுகாப்பு என்பது எமது கருத்து.

இனிக் கோவைக்கு வருவோம். எமது மாவட்டத்தில் ஆவணம் என்பது வெறும் கடதாசி அல்ல. 1990இன் இடப்பெயர்வு, 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் ஊரைவிட்டு நடந்த நாட்கள் ஆகியவற்றில் சான்றிதழ்களை இழந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் சான்றுப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்தும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலிருந்தும் பெறலாம். ஆனால் அழைப்புக் கடிதம் வந்தபின் ஓடத் தொடங்கினால் காலம் போதாது. விண்ணப்பிக்கும் தினத்திலேயே இவ்வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

பெயரோ இதைவிடச் சிக்கலானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு வடிவிலும், அடையாள அட்டையில் வேறொரு வடிவிலும், பெறுபேற்றுத் தாளில் மூன்றாவது வடிவிலும் பெயர் இருப்பது எமது இரு சமூகங்களுக்கும் பொதுவான தலையிடி. முகம்மது என்பது முஹம்மத், மொஹமட் என்று மாறும். லிங்கம் என்பதன் ஆங்கில எழுத்துக்கள் ஊருக்கொன்றாகும். தந்தையின் பெயர் முன்னெழுத்தாக ஓரிடத்திலும் முழுமையாக மற்றோரிடத்திலும் இருக்கும். திருமணத்துக்குப் பின் கணவன் பெயரைச் சேர்த்த பெண்ணுக்கு இன்னொரு வித்தியாசம். போதாக்குறைக்குப் பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் 12 இலக்கங்களும் உள்ளன. ஒன்றைக் கொண்டு விண்ணப்பித்து மற்றதைக் கொண்டு தோற்றுபவர் இரண்டின் பிரதியையும் வைத்திருப்பது நல்லது. பெயர் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசியைக் கோவையில் முன்கூட்டியே சேர்த்துவைத்தால், "இருவரும் ஒருவரா?" என்ற கேள்வி எழுமுன்பே பதில் மேசையில் இருக்கும். கேள்வி எழுந்தபின் தடுமாறுபவரின் மற்றைய பதில்களும் அந்தத் தடுமாற்றத்தின் நிழலிலேயே கேட்கப்படுகின்றன.

அடுத்தது மொழி. எமது பிள்ளைகளின் உள்ளத்தை அதிகம் நடுங்கவைப்பது இதுவே. கிழக்கு மாகாணத்தின் தலைமைச் செயலகமும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவும் திருகோணமலையில் இருப்பதால், மாகாண நியமனங்களுக்குத் தமிழில் பதிலளிப்பது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. மத்திய அரச நிறுவனங்களுக்காகக் கொழும்புக்கு அழைக்கப்படும்போது நிலைமை வேறு. குழுவில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதிருக்கக் கூடும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, பகிரங்க சேவைக்கு ஆட்களைச் சேர்க்கும் பரீட்சைகளுக்குச் சிங்களத்தில் அல்லது தமிழில் அல்லது தாம் தெரிவு செய்யும் மொழியில் தோற்றும் உரித்தை வழங்குகிறது. சேவையில் இணைந்தபின் நியாயமான காலத்துள் மற்ற மொழியில் போதிய அறிவைப் பெறுமாறு கோரப்படலாம் என்பது அதனுடன் இணைந்த நிபந்தனை. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் சேவையில் இணைவோர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெறவேண்டும் என்ற சுற்றறிக்கையும் 2020இல் அதற்குப் பதிலாக வந்த ஏற்பாடுகளும் இந்த அடிப்படையிலேயே அமைந்தவை.

உரித்து இருக்கிறது என்பதற்காக அதைச் சண்டைக் குரலில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உரித்து இருக்கும்போது கெஞ்சவும் வேண்டியதில்லை. அழைப்புக் கடிதம் கிடைத்தவுடன், தமிழில் பதிலளிக்க விரும்புவதாக எழுத்தில் அறிவித்து அதன் பிரதியைக் கோவையில் வைத்துக்கொள்வதே சிறந்த வழி. மண்டபத்தில் வந்தனத்தையும் தம்மைப் பற்றிய இரண்டொரு வாக்கியங்களையும் சிங்களத்திற் கூறி, தொழில் சார்ந்த கேள்விகளுக்குத் தமிழில் விளக்க அனுமதி கேட்பவரை எவரும் குறைவாக மதிப்பதில்லை. உடைந்த சிங்களத்தில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குபவரோ, விடயம் தெரிந்தும் தெரியாதவராகிவிடுகிறார். அதேவேளை, அரசகரும மொழிகள் திணைக்களத்தின் தேர்ச்சிப் பரீட்சைகளை "வேலை கிடைத்தபின் பார்ப்போம்" என்று தள்ளிவைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. மூன்று சமூகங்களும் வாழும் மாவட்டத்தில் மூன்றாவது வீட்டுக்காரரின் மொழி தெரிந்திருப்பது புள்ளிக்காக மட்டும் வேண்டியதல்ல.

"உயர்தரம் எழுதுவதற்கு ஏன் இவ்வளவு தாமதம்?" "இந்த இரண்டு வருடங்களும் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விகளும் எமது பிள்ளைகளுக்கு வருகின்றன. கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. பதிலளிப்பவருக்கு அது முகாம், இழப்பு, சில வேளைகளில் ஒரு மரணம். கண் கலங்கி நிற்பவர்களும் உண்டு. கோபத்தோடு நீண்ட வரலாறு கூறுபவர்களும் உண்டு. இரண்டும் மனித இயல்பே. ஆனால் ஒத்திகை பார்க்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். "2006இல் நாம் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தோம்; பாடசாலை தடைப்பட்டது. திரும்பியபின் மீண்டும் சேர்ந்து பரீட்சை எழுதினேன், அக்காலத்தில் சிறுவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன்" என்பது போன்ற இரண்டு மூன்று வாக்கியங்கள் போதுமானவை. நடந்ததை மறைக்கவும் வேண்டாம், அனுதாபத்தைக் கேட்கவும் வேண்டாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்கும் இது பொருந்தும். தடைப்பட்ட காலத்தில் செய்தது எதுவாயினும், கடையில் கணக்கு எழுதியதாயினும் வயலில் தந்தையோடு நின்றதாயினும், அதைப் பெயர் சொல்லிக் கூறவேண்டும்.

உடை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துவைத்து அயன் செய்த சேர்ட்டும் காற்சட்டையும், சேலை அல்லது அபாயா, சத்தமிடாத பாதணி, இவ்வளவுதான். இந்நகரில் 2018இலும் 2022இலும் ஒரு பாடசாலையை மையமாகக்கொண்டு உடை தொடர்பாக எழுந்த சர்ச்சை இரு சமூகங்களுக்கும் ஏற்படுத்திய வேதனையை வாசகர்கள் அறிவர். நாம் பார்த்த எந்தப் புள்ளித்திட்டத்திலும் சேலைக்கென்றோ அபாயாவுக்கென்றோ ஒரு புள்ளி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கைகுலுக்க விரும்பாத பெண் நெஞ்சில் கைவைத்துத் தலைதாழ்த்தினால் அது மரியாதையாகவே கொள்ளப்படும். அமரச் சொன்னபின் அமர்வதும், கைத்தொலைபேசியை அணைத்துவைப்பதும் எவரும் சொல்லித்தர வேண்டியவையல்ல. ஆயினும் அது மண்டபத்தில் ஒலிப்பது நின்றபாடில்லை. கிண்ணியாவுக்கும் நகருக்கும் இடையே பாதையில் ஏறிக் கடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. எனவே, தாமதத்துக்கு அந்தக் காரணமும் இப்போது செல்லாது.

தனியார் துறையில் நிலைமை வேறு. சீனக்குடாவின் பிறிமா மா ஆலை 1980 முதல் இயங்குகிறது. டோக்கியோ சீமெந்து நிறுவனம் 1982இல் ஆரம்பிக்கப்பட்டது. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் உல்லாச விடுதிகள் உள்ளன. இத்தகைய இடங்களில் "எமது நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்பது ஏறத்தாழ நிச்சயமான கேள்வி. பிறந்தது முதல் அந்த ஆலையின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர், அங்கு என்ன உற்பத்தியாகிறது, மூலப்பொருள் எங்கிருந்து கப்பலில் வருகிறது என்று கூறமுடியாமல் நிற்பது வருந்தத்தக்கது. அங்கு வேலை செய்யும் அயலவர் ஒருவரிடம் அரைமணி நேரம் கேட்டாலே போதும். துறைமுக அதிகார சபைக்கு விண்ணப்பிப்பவர், அது 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது என்பதையேனும் தெரிந்துவைத்திருக்கலாம்.

பற்றவைப்பு, மின்னிணைப்பு, இயந்திரத் திருத்தம் ஆகியவற்றைப் பட்டறையில் கற்றுப் பத்தாண்டு அனுபவம் பெற்றிருந்தும், சான்றிதழ் இல்லாமையால் நேர்முகத்துக்கே அழைக்கப்படாதவர்கள் துறைமுகத்தைச் சுற்றிப் பலர் உளர். வகுப்புக்குச் செல்லாமலே, முன்னர் கற்றதை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையொன்று உண்டு. தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் அதை விசாரிக்கலாம். இவர்கள் செய்த வேலைகளின் புகைப்படங்களையும், வேலை கொடுத்தவர்களின் திகதியிட்ட கடிதங்களையும் இன்றே சேர்க்கத் தொடங்க வேண்டும். "நன்றாகச் செய்வேன்" என்று சொல்வதைவிட, "இந்தப் படகின் இயந்திரத்தை இவ்வாறு திருத்தினேன்" என்று காட்டுவது மேல்.

வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத்தில் கேள்வி கேட்கும் உரிமை விண்ணப்பதாரிக்கே முதலில் உண்டு. முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா, குறித்த வேலைக்கு அங்கீகாரம் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரித்தபின்னரே கடவுச்சீட்டைக் கையளிக்க வேண்டும். விடுதி அறையொன்றில் நேர்முகம் நடத்தி அன்றே பணம் கேட்பவரிடம் நல்ல அபிப்பிராயம் பெறவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

"இதெல்லாம் சரி, கடைசியில் அமைச்சரின் கடிதம்தானே வேலை செய்யும்?" என்று பெற்றோர் கேட்பது எமக்குப் புதிதல்ல. அக்கேள்விக்குக் காரணங்கள் இருந்தன, இருக்கின்றன. 2017இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரங்களில் நாட்கணக்கில் அமர்ந்திருந்ததை நாடு பார்த்தது. ஆயினும் செல்வாக்குச் செலுத்த முயல்வது தகைமையீனமாகக் கொள்ளப்படும் என்ற வாசகம் வர்த்தமானி அறிவித்தல்களில் வழமையாக இடம்பெறுகிறது. சிபாரிசுக் கடிதத்தைக் கோவையின் மேற்புறத்தில் வைத்துக்கொண்டு செல்பவர், தமக்கு எதிரான சான்றைத் தாமே கையளிக்கிறார். அக்கடிதத்துக்காகக் காணியை அடகுவைத்துப் பணம் கொடுத்த குடும்பங்களின் கதைகள் தனிக் கட்டுரைக்குரியவை.

தெரிவு செய்யப்படாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ளது. அதன் கீழ், உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் தமது நேர்முகப் பரீட்சைப் புள்ளிகளையும் புள்ளித்திட்டத்தையும் தமிழிலேயே கோரலாம். தகவல் வழங்குவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். எந்தத் தலைப்பின் கீழ் எத்தனை புள்ளி குறைந்தது என்பது கையில் வந்தால், அடுத்த அழைப்புக்கு எதைத் தயார்செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.