கட்டியாகத் திரளாத மார்பகப் புற்றுநோய்

மார்பகப் புற்றுநோய் என்றதும் கட்டி ஒன்றையே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். 30 முதல் 65 வயது வரையுள்ள மகளிரை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பணியாளர் கையால் பரிசோதிக்க வேண்டுமென மத்திய அரசு 2016இல் நெறிமுறை வகுத்தது. அவ்விரல்கள் தேடுவதும் பெரும்பாலும் கட்டியைத்தான். ஆயின், கட்டியாகத் திரளாமலே பரவும் வகையொன்று உண்டு. அதுவே நுண்மடல் புற்றுநோய்.

பாலைச் சுரப்பவை நுண்மடல்கள். அதனைக் கொண்டுசெல்பவை நாளங்கள். நாளவகைப் புற்றே மிகுதி. மேலைநாடுகளில் மார்பகப் புற்றுநோய்களுள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை நுண்மடல் வகையாகும். பெயரைக் கொண்டு பிறப்பிடத்தை முடிவு செய்தல் கூடாது. இரு வகைகளும் நாளமும் மடலும் கூடும் இடத்திலேயே தோன்றுகின்றன. வேறுபாடு உயிரணுக்களின் பிணைப்பில் உள்ளது. செங்கற்களைச் சுண்ணச்சாந்து இணைப்பதுபோல் உயிரணுக்களை இணைப்பது ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம். நுண்மடல் வகையில் பெரும்பாலும் இப்புரதம் இராது. எனவே உயிரணுக்கள் ஒன்றுகூடாமல், எறும்புச் சாரைபோல் ஒற்றை வரிசையில் ஊடுருவுகின்றன. விரலுக்குத் தெளிவற்ற தடிப்பே தட்டுப்படலாம். மார்பக எக்ஸ்ரே படத்திலும் நோய் தப்பிவிடக்கூடும்.

ஒற்றை வரிசையில் அமைவது இயல்புவகை. உருண்டைக் கொத்துகளாகவும், நெருங்கிய பரப்பாகவும் அமையும் உட்பிரிவுகளும் உள. உயிரணுக்களின் கருக்கள் பெருத்து, வடிவம் மாறிக் காணப்படும் பல்லுருவகை இவற்றினும் கடுமையானது. இயல்புவகை பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளர்வதால் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் பயன் தருகின்றன. எனினும் பத்தாண்டு கழிந்தும் நோய் மீளக்கூடும். அதுவும் இரைப்பை, குடல், சினைப்பை போன்ற எதிர்பாராத இடங்களில். வயிற்று நோவுடன் வரும் பெண்ணிடம் பழைய மார்பக நோயைப் பற்றி வினவுவார் எத்தனை பேர்?

இதனால் கைப்பரிசோதனை பயனற்றது என்று பொருளன்று. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மகளிரிடையே நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பணியாளரின் பரிசோதனையால் நோய் முன்னரே கண்டறியப்பட்டதையும், ஐம்பது வயதைக் கடந்தோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்ததையும் அது காட்டியது. ஆகவே அவ்விரல்களுக்கு எதைத் தேடக் கற்பிக்கிறோம் என்பதே கேள்வி. தடிப்பு, தோல் உள்ளிழுப்பு, காம்பின் திசைமாற்றம், ஒரு மார்பகம் மட்டும் சுருங்குதல் ஆகியவற்றைப் பயிற்சிக் கையேட்டில் சேர்க்க ஆகும் செலவு சொற்பமே. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக இக்குறிகளுடைய பெண்ணை வீட்டுக்கு அனுப்பாமல், மாவட்ட மருத்துவமனையில் ஒலியலைப் படமும், தேவையாயின் திசுப் பரிசோதனையும் செய்தல் வேண்டும்.