உதட்டுப் புள்ளியும் குடலின் அபாயமும்

அரக்கோணம் சந்திப்பில் இறங்கித் திருத்தணி மலைக்குச் செல்லும் பக்தர்களும், நாள்தோறும் சென்னைக்குப் போய்வரும் உத்தியோகஸ்தர்களும், வழியில் கண்ட வயிற்றுவலியை ஓட்டல் சாப்பாட்டின் தோஷமென்றோ குடலேற்றமென்றோ கருதி ஒரு சோடாவோடு விட்டுவிடுவது சகஜம். ஆயினும், சில குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு அந்த அலட்சியம் பிராணாபத்தாகவே முடியக்கூடும்.

பரம்பரைச் சொத்தாக ஒரு நோய்

1921-இல் நெதர்லாந்து வைத்தியர் பியூட்ஸ் ஒரு குடும்பத்தில் கண்டெழுதி, 1949-இல் அமெரிக்க வைத்தியர் ஜெகர்ஸ் தம் சகாக்களுடன் விரிவாக விளக்கிய பியூட்ஸ்–ஜெகர்ஸ் நோய், பெரும்பாலும் எஸ்டிகே11 என்னும் மரபணுவின் பழுதால் விளைவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரச் சரிபாதி சாத்தியமுண்டு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. சிறுவயதிலேயே உதட்டிலும் வாயினுள்ளும் விரல்களிலும் தோன்றும் கரும்புள்ளிகளே அதன் அடையாளம். உதட்டுப் புள்ளிகள் வயதேற மங்கிவிடக்கூடுமாதலால், வளர்ந்தவரின் முகத்தை மாத்திரம் பார்த்து நோயில்லை என்று தீர்மானித்தல் தகாது. கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.

குடல் செருகல்

இந்நோயாளிகளின் சிறுகுடலில் பாலிப் எனப்படும் கட்டிகள் வளர்கின்றன. உணவைத் தள்ளும் குடலசைவு அக்கட்டியையும் இழுக்க, அதனோடு குடலின் ஒரு பகுதி, உள்ளிழுத்த சட்டைக் கையைப் போல, அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குடல் அழுகவும் நேரிடும். பொதுவாகக் குழந்தைகளுக்கே பெரும்பாலும் நேரும் இக்குடல் செருகலில் நூற்றுக்கு ஐந்தளவே பெரியவர்களிடம் காணப்படுவதால், எளிதில் சந்தேகத்திற்கு வருவதில்லை. விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, வயிற்று உப்பல், மலமும் காற்றும் பிரியாமை, மலத்தில் ரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

செய்யத் தகாததும் செய்ய வேண்டியதும்

இந்நிலையில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும், குடல் தட்டுவதாக வயிற்றைப் பிசைவதும் விபரீதமாகும். உணவு கொடாமல், 108 வண்டியை அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். புள்ளிகளைப் பற்றியும், ரத்த சம்பந்தமுள்ளவர்களுக்கு முன்பு நடந்த குடல் ஆபரேஷனைப் பற்றியும் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட்டால், சி.டி. ஸ்கேனில் எதைத் தேடுவதென்று அவர் உடனே அறிவார்.

முன்னெச்சரிக்கை

நோய் உறுதியானவர்கள் சுமார் 8 வயது முதலே எண்டோஸ்கோபிப் பரிசோதனையைத் தொடங்கி, பாலிப் இருப்பின் 2 அல்லது 3 ஆண்டுக்கொருமுறை தொடர்ந்தால், பெருங்கட்டிகளை அபாயம் நேருமுன் அகற்றிவிடலாம்; குடல், மார்பகம், கணையம் முதலிய அவயவங்களில் புற்றுநோய் தோன்றினாலும் அவற்றிற்குரிய பரிசோதனைகளால் காலத்தே கண்டுகொள்ளலாம். கரும்புள்ளி உள்ளவரெல்லாம் நோயாளிகள் அல்லர். ஆனால் புள்ளியும் அடிக்கடி வரும் வயிற்றுவலியும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், கூச்சப்படாமல் குடும்பத்தோடு சென்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.