தார் குடிக்கும் ஜல்லி

2022 ஆகஸ்ட் 28. நொய்டாவின் இரட்டைக் கோபுரக் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நொடிகளில் சரிந்த அவை விட்டுச்சென்ற இடிபாடு ஏறத்தாழ 80,000 டன் என்று அப்போது கணக்கிட்டார்கள்.

இப்படிப்பட்ட கான்கிரீட்டை உடைத்து, கம்பியைக் காந்தத்தால் பிரித்து, சலித்தெடுத்தால் ஜல்லி கிடைக்கும். மலையைக் குடைந்து கல் எடுக்கும் நாட்டில் இதை வீணாக்குவது பெருங்குற்றம். சரி, தார்ச் சாலைக் கலவையில் இதைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் ஒரு துண்டைக் கையிலெடுத்துப் பாருங்கள்: கருங்கல்லைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பழைய சிமென்ட் காரை ஒட்டியிருக்கும். அதில் நுண்துளைகள் ஏராளம். அவை தாரை உறிஞ்சுவதால், புதுக் கருங்கல் ஜல்லியைவிட இதற்குக் கூடுதல் தார் பிடிக்கும். ரோடு ரோலர் ஏறும்போது காரை நொறுங்கவும் கூடும். உள்ளே தண்ணீர் புகுந்தால் தார் கல்லைவிட்டு உரியும்.

அதனால்தான் ஆய்வாளர்கள் மொத்த ஜல்லியில் ஒரு பங்கை மட்டும் மாற்றுகிறார்கள். காரையைத் தேய்த்து நீக்கிப் பார்க்கிறார்கள், சுண்ணாம்பு கலந்து பிடிப்பைக் கூட்டுகிறார்கள்.

சாலையின் அடித்தளத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஜப்பானில் பழைய கான்கிரீட் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. கட்டட இடிபாட்டைச் சாலைப்பணிக்குப் பயன்படுத்தும் வழிகாட்டு நெறிகளை இந்தியச் சாலைப் பேராயம் 2017-இல் வெளியிட்டது.